விட்டு விட்டு

என் பட்டறைக்குள் அது ஒருநாளும் நின்றதில்லை.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி
சமர்த்தாக உறுமிக்கொண்டிருக்கும்
அந்தத் தொண்ணூற்றாறாம் வருடத்து ஹோண்டா.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது,
வலப்பக்க ஸ்டியரிங்கோடு
கிர்கிஸ்தானின் இந்தக் காற்றடிக்கும் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அஸில்கான் கால்நடை மருத்துவர்.
டிக்கியில் தடுப்பூசிப் பெட்டி, ரப்பர் பூட்ஸ்,
ஒரு சாக்கு நிறைய
எனக்கு முன் நாலு பேர் கழற்றிப்போட்டவை:
பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இரண்டு செட் பிளக்,
குற்றமே செய்யாத ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்.
"தூக்கிப்போட மனசு வரல" என்றாள்.
"எது மேலயும் தப்பு நிரூபணமாகல.

மாடும் எங்க வலிக்குதுன்னு சொல்லாதுதான்.
ஆனா வலிக்காத நேரத்துல ஓட்டிட்டு வந்து
கண்டுபிடின்னு யாரும் என்னைக் கேட்டதில்ல."
அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நோட்டை நீட்டினாள்.
ஆட்டுக்கு எழுதுவது போலவே எழுதியிருந்தாள்:

ஜூலை 9. பூம் பள்ளத்தாக்கு, ஏற்றம். பகல் இரண்டு.
சொல்லாமல் நின்றது. இருபது நிமிடத்தில் தானே கிளம்பியது.
ஜூலை 21. கோச்கோர் சந்தை வாசல். கடும் வெயில்.
ஆகஸ்ட் 2. மந்தை நடுவே. நானூறு ஆடு. மேய்ப்பவன் சிரித்தான்.
ஆகஸ்ட் 2. மறுபடியும். அதே ஆள்.

எல்லாம் வெயில். எல்லாம் மத்தியானம்.
சூடுதான் என்று நோட்டை மூடப்போனேன்.
கடைசிப் பக்கத்தில், தலைகீழாக, ஒரு வரி:
ஜனவரி 17. நள்ளிரவு. மைனஸ் இருபத்தைந்து.

மூன்று நாள் தூங்கவில்லை.
என் வெயில் கதை முழுக்க
அந்த ஒரு வரிப் பனியில் வழுக்கி விழுந்தது.
மானி சிவப்பைத் தொடும்வரை இஞ்சினை விரட்டினேன்.
வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினேன், இழுத்தேன், கெஞ்சினேன்.
ஏரிக்காற்று தகரக் கதவை அறைந்துகொண்டே இருந்தது.
வண்டி நிற்கவில்லை.

நாலாம் நாள் ஃபோன் போட்டேன்.
அந்த ராத்திரி வண்டியில் வேறு என்ன இருந்தது?
"குட்டி" என்றாள். "பிறந்து ஒரு மணி நேரம் ஆன குட்டி,
என் கால்மாட்டுல. ஈரம்கூடக் காயல.
ஹீட்டரை முழுசாத் திருப்பி
காத்தைக் கீழ விட்டிருந்தேன்."

கீழே.

டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேல்
தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது.
பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே.
மனைவி பெர்மெத்தின் ஹேர் டிரையரைக் கேட்காமல் எடுத்து வந்து
அதன் மேல் பிடித்தேன்.
ஒரு நிமிடம். இரண்டு.
மூன்றாவதில் இஞ்சின் ஒரு விக்கல்கூட இல்லாமல் செத்தது.
சாவியைத் திருப்பினேன்:
இரண்டு விநாடி முனக வேண்டிய பம்ப் முனகவில்லை.
என்ன ஒரு அழகான மௌனம்!
"நின்னுடுச்சு!" என்று ஃபோனில் கத்தினேன்.
"வாழ்த்துகள்" என்றாள், எங்கோ ஒரு பசுவுக்குள் கைவிட்டபடி.

லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது:
ஒரு காலைச் சுற்றி ஈயப்பற்றில் முடியளவு விரிசல்.
குளிர்ந்தால் ஒட்டும். சூடானால் விலகும்.
அவ்வளவுதான் அதன் பேச்சு.
ஒரு சொட்டு ஈயம். அரை நிமிட வேலை.
ஐந்நூறு சோம் கேட்கவே கூச்சமாக இருந்தது,
அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு.

ஆனாலும் ஒரு முள்.
நின்றதைக் கண்ணால் காட்டிவிடலாம்,
இனி நிற்காது என்பதை எந்த மீட்டர் காட்டும்?
இந்தப் பக்கம் வந்தால் நின்று சொல்லிவிட்டுப் போ என்றேன்.

செப்டம்பர் கடைசி, நல்ல வெயில்.
ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தேன்.
பழக்கப்பட்ட உறுமல் கேட்டுத் தலையை நீட்டினால்
நீல ஹோண்டா, பின் ஜன்னலில் ஒரு கன்றின் காது.
கையசைத்தாள்.
நிற்கவில்லை.